யாழ்ப்பாணத்து முற்றத்தில் இருந்து ஒரு சிறுகோளை அளந்து அனுப்ப: புதியவர்களுக்கான வழிகாட்டி

பூமிக்குக் கிட்ட வந்து போகும் சிறுகோளைப் படம் பிடித்து, வானத்தில் அது நின்ற இடத்தை அளந்து, அதிலிருந்து சுற்றுப்பாதையைக் கணக்கிட்டு, அளவீட்டை உலகப் பதிவேட்டில் சேர்ப்பதற்குப் பட்டமும் தேவையில்லை, வீட்டளவு தொலைநோக்கியும் தேவையில்லை. தேவைப்படுவது பொறுமையும் சரியான மணிக்கூடும். இணையத்தில் கிடைக்கிற வழிகாட்டிகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே பின்பற்றினால் எங்கள் அகலாங்கில் கருவி ஒத்துவராது, மாதம் ஒத்துவராது, நேரக் கணக்கும் உதைக்கும். நான் அலைந்து தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். நீங்கள் அவ்வளவு அலையத் தேவையில்லை.

2029 ஏப்ரலில் அப்போபிஸ் என்ற சிறுகோள் பூமியின் மேற்பரப்பில் இருந்து ஏறத்தாழ 32,000 கிலோமீற்றர் தூரத்தில் கடந்து போகும். தொலைக்காட்சிச் செய்மதிகள் நிற்கும் உயரத்தைவிட இது குறைவு. மோதாது. அதற்கு முதல் கை பழகிவிட வேண்டும் என்று நினைப்பவர்கள் இப்போதே தொடங்கலாம்.

1. எதுவரை போகப் போகிறீர்கள் என்று முடிவெடுங்கள்

மூன்று நிலை இருக்கிறது. வேறு யாரோ எடுத்த படத்தை வாங்கி, மடிக்கணினியில் அளப்பது முதல் நிலை; செலவு இணையக் கட்டணம் மட்டும். சொந்தக் கருவியில் படம் எடுத்து அளப்பது இரண்டாவது. உங்கள் வளவுக்கென்று ஒரு கண்காணிப்பகக் குறி (அளவீடு எந்த இடத்தில் எடுத்தது என்று உலகப் பதிவேட்டில் காட்டும் அடையாளம்) வாங்கி, பெயரோடு அளவீடு அனுப்புவது மூன்றாவது.

முதலாம் நிலையைத் தாண்டாமல் நேரே கருவி வாங்கப் போகாதீர்கள். படம் எடுப்பது சுலபம். அளப்பது உங்களுக்குப் பிடிக்குமா என்பதைக் காசு செலவழிக்க முதல் தெரிந்துகொள்ளுங்கள். பலருக்குப் பிடிப்பதில்லை, அதில் தப்பொன்றும் இல்லை.

2. தொலைநோக்கி இல்லாமல் தொடங்குங்கள்

அமெரிக்காவின் டெக்சாசில் உள்ள ஹார்டின்-சிம்மன்ஸ் பல்கலைக்கழகத்தைத் தளமாகக் கொண்டு, சர்வதேச வானியல் தேடல் கூட்டமைப்பு என்ற திட்டம் நடக்கிறது. ஹவாயில் இருக்கும் பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி எடுத்த படங்களைப் பள்ளிக்கூடக் குழுக்களுக்கும் பொதுமக்களுக்கும் இலவசமாக அனுப்புவார்கள். நீங்கள் அவற்றில் அசையும் புள்ளியைக் கண்டுபிடித்து அறிக்கை அனுப்ப வேண்டும். ஒரு சுற்று ஏறத்தாழ ஒரு மாதம் நடக்கும்.

தேவைப்படும் ஆவணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. குழுவின் பெயர், பொறுப்பாளர் பெயர், மின்னஞ்சல், ஊர், நாடு, உறுப்பினர் பட்டியல், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் என்றால் ஓர் ஆசிரியரைப் பொறுப்பாளராகப் போடுங்கள். பெயர்களை ஆங்கிலத்தில் எப்படி எழுதப் போகிறீர்கள் என்பதைப் பதிவின்போதே ஒருமுறை முடிவு செய்யுங்கள். சான்றிதழில் அதே எழுத்துத்தான் வரும். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, பரீட்சை அனுமதி அட்டையில் இன்னொன்று என்று எங்கள் பிள்ளைகள் படும் பாடு உங்களுக்குத் தெரியாததல்ல.

மென்பொருள் ‘அஸ்ட்ரோமெட்ரிக்கா’. விண்டோஸில் மட்டும் ஓடும். 100 நாட்களுக்கு இலவசமாகப் பாவிக்கலாம், பிறகு உரிமம் 25 யூரோ. பயிற்சிக் கோப்புகளை முதலில் எடுத்து வைத்துவிட்டு, சுற்றுத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னர்தான் மென்பொருளை நிறுவிப் பழகுங்கள். அந்த 100 நாள் வீணாகாது. வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு உங்கள் வங்கி அட்டையில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கலாம். வங்கியில் சொல்லி அதைத் திறந்துவிடுங்கள்.

நிறுவியதும் அது சிறுகோள் பட்டியலைப் புதுப்பிக்கச் சொல்லும். அந்தக் கோப்பு விரிந்தால் 200 மெகாபைற்றுக்கு மேல். போன் டேட்டாவில் அந்த வேலையைத் தொடங்காதீர்கள். படம் அளக்கும்போதும் நட்சத்திரப் பட்டியலை இணையத்தில் இருந்தே இழுக்கும். கரண்ட் போய் ரவுட்டர் நின்றால் அளவீடும் நிற்கும்.

ஒரு தொகுப்பில் பெரும்பாலும் நாலு படம் இருக்கும். அவற்றை மாற்றி மாற்றி ஓடவிட்டால் நட்சத்திரங்கள் அசையாமல் நிற்க, சிறுகோள் மட்டும் நேர்கோட்டில், ஒரே வேகத்தில் துள்ளும். புதியவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். படக்கருவியின் பழுதான புள்ளியும் துள்ளும், ஆனால் கோணலாக. ஒரு படத்தில் பிரகாசமாகவும் அடுத்ததில் மங்கலாகவும் தெரிவது பெரும்பாலும் பொய். நாலில் மூன்றிலாவது வட்டமான வடிவம் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். அறிக்கையைத் திட்டக்காரருக்குத்தான் அனுப்ப வேண்டும். நேரே பதிவேட்டுக்கு அனுப்பக் கூடாது.

கண்டுபிடித்தால் உடனே பெயர் வைக்கலாம் என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டாதீர்கள். ஒரு சிறுகோளுக்கு நிலையான இலக்கம் கிடைக்கவே பல வருடம் ஆகும். பெயர் அதற்குப் பிறகுதான்.

3. உங்கள் ஆள்கூற்றைச் சரியாக எழுதி வையுங்கள்

சொந்தக் கருவி என்றால் நீங்கள் பூமியில் எங்கே நிற்கிறீர்கள் என்பதும் அளவீட்டின் பாதி. ஒரு சிறுகோள் 1 லட்சம் கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும்போது உங்கள் இடம் ஒரு கிலோமீற்றர் பிழைத்தால், வானத்தில் 2 வில்செக்கன் பிழைக்கும். (ஒரு பாகையில் 3,600 வில்செக்கன்.) யாழ்ப்பாண நகரம் ஏறத்தாழ வடக்கு 9.66 பாகை, கிழக்கு 80.02 பாகை. அதை அப்படியே போடாதீர்கள். முற்றத்தில் கருவி நிற்கும் இடத்தில் போனை வைத்து, தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் வரை எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு பொறி இருக்கிறது. ஒன்று, நில அளவைத் திணைக்களத்தின் வரைபடங்கள் இலங்கைக்கென்று வகுத்த ஆள்கூற்றுமுறையில் இருக்கும். ஜிபிஎஸ் தருவது உலகப் பொதுமுறை. உறுதிக்காணிப் படத்தில் உள்ள இலக்கத்தை எடுத்து ஜிபிஎஸ் இலக்கம் போலப் பாவித்தால் இடம் நகர்ந்துவிடும். ஜிபிஎஸ்ஸில் இருந்து மட்டும் எடுங்கள்.

மற்றது உயரம். இது எங்கள் ஊருக்கே உரிய தலையிடி. சில போன் செயலிகள் சுண்ணாகத்து வீட்டு முற்றத்தைக் கடல் மட்டத்துக்குக் கீழே 90 மீற்றர் என்று காட்டும். போன் பழுதில்லை. ஜிபிஎஸ் அளப்பது பூமிக்கென்று கணித்து வைத்த ஒரு நீள்கோளத்தில் இருந்து. இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் ஈர்ப்பு குறைவானதால், உண்மையான கடல் மட்டம் அந்த நீள்கோளத்துக்கு 100 மீற்றர் அளவு கீழே பதிந்து கிடக்கிறது. உலகத்திலேயே ஆழமான பதிவு அது. அதன் விளிம்பில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். குடாநாட்டின் பெரும்பகுதி கடல் மட்டத்தில் இருந்து பத்து மீற்றருக்குள்தான். படிவத்தில் உயரம் எழுதும்போது எந்த முறையில் எடுத்தது என்று பக்கத்தில் குறிப்பிடுங்கள்.

4. மணிக்கூடு: காசு செலவழிக்க முதல் இதைச் சரிசெய்யுங்கள்

தொலைநோக்கியின் அளவைப் பற்றி ஆயிரம் பேர் கதைப்பார்கள். மணிக்கூட்டைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. சிறுகோள் ஓடிக்கொண்டிருக்கிறது. அது எங்கே நின்றது என்று சொல்வதென்றால் எப்போது நின்றது என்றும் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சாதாரணச் சிறுகோள் நிமிடத்துக்கு அரை வில்செக்கன் அளவுதான் நகரும், அங்கே நேரம் சில செக்கன் பிழைத்தாலும் தெரியாது. கிட்ட வருபவை அப்படியில்லை. அப்போபிஸ் மிக நெருங்கும் வேளையில் மணித்தியாலத்துக்கு 42 பாகை வேகத்தில் ஓடும். கணக்குப் பார்த்தால் ஒரு செக்கனுக்கு 42 வில்செக்கன். மணிக்கூடு ஒரு செக்கன் பிந்தினால் அளவீடு குப்பை.

எனவே:

கணினியை உலகப் பொதுநேரத்துக்கு மாற்றி வையுங்கள். இலங்கை நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னே. மனதால் கழிக்கிற பழக்கம் வேண்டாம், நித்திரை மயக்கத்தில் திகதி பிழைக்கும். அதிகாலை 5.30க்கு முன்னர் எடுத்த எந்தப் படமும் பொதுநேரத்தில் முதல்நாள் திகதிக்குரியது. 2006 ஏப்ரல் வரை இலங்கை நேரம் 6 மணி முன்னே இருந்தது. அந்தக் காலத்துப் பழைய கணினியை யாராவது தந்தால் அதையும் பாருங்கள்.

விண்டோஸின் தானியங்கி நேரத் திருத்தத்தை நம்பாதீர்கள். அது இடைக்கிடைதான் திருத்தும். இணைய நேரத்தோடு அடிக்கடி ஒப்பிட்டுத் திருத்தும் இலவச மென்பொருள்கள் உண்டு, ‘மைன்பேர்க்’ அவற்றில் ஒன்று. படம் எடுக்கத் தொடங்குவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே அதை ஓடவிடுங்கள். இணையச் சிக்னல் ஆடுகிற இடம் என்றால் ஜிபிஎஸ் சிக்னலைப் பிடிக்கும் கருவி ஒன்றைக் கணினியில் பொருத்துவது மேல்.

படக் கோப்பின் தலைப்பில் எழுதப்படும் நேரம், படம் தொடங்கிய நேரமா, நடுவா, முடிவா என்று பாருங்கள். பெரும்பாலும் தொடக்கம். அளவீட்டுக்குத் தேவை நடு நேரம். அஸ்ட்ரோமெட்ரிக்காவில் இதைத் தெரிவு செய்ய இடம் இருக்கிறது. 30 செக்கன் படத்தில் இதைப் பிழையாக விட்டால் 15 செக்கன் போய்விடும்.

பல படங்களை ஒன்றாக அடுக்கித் தரும் கருவியாக இருந்தால், அடுக்கிய படத்தின் நேரத்தைப் பாவிக்காதீர்கள். தனித்தனிப் படங்களையும் சேமிக்கும்படி அமைப்பை மாற்றுங்கள்.

5. கருவி: எங்கள் அகலாங்குக்கு எது சரிவரும்

துருவ நட்சத்திரம் எங்களுக்கு அடிவானத்தில் இருந்து 10 பாகை அளவுக்குத்தான் ஏறும். வடக்கே ஒரு பனங்கூடல் இருந்தால் அதோடு சரி. துருவ அச்சில் சுழலும் தாங்கிகளைத்தான் எல்லா வழிகாட்டியும் சிபாரிசு செய்யும். ஆனால் அவற்றில் பல 15, 20 பாகைக்குக் கீழே சரியாக இறங்காது. இறங்கினாலும் எதிர்ப்பாரம் முக்காலியின் காலில் இடிக்கும். “எல்லா நாட்டுக்கும் சரிவரும்” என்று சொல்லி ஒரு விற்பனையாளர் எனக்கு அப்படியொன்றைத் தலையில் கட்டினார். அகலாங்குத் திருகு பாதியிலேயே நின்றுவிட்டது. பணமும் திரும்பி வரவில்லை. வாங்க முதல் “குறைந்தபட்ச அகலாங்கு எத்தனை?” என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.

புதியவர்களுக்கு இப்போது நல்லது தானாகவே வானத்தைத் தேடிப் படம் எடுக்கும் சிறிய கருவிகள். சீஸ்டார் எஸ்50 ஓர் உதாரணம். வில்லை 50 மில்லிமீற்றர், குவியத்தூரம் 250 மில்லிமீற்றர். ஒரு படப்புள்ளி ஏறத்தாழ 2.4 வில்செக்கனை அடக்கும். இது அளவீட்டுக்குக் கொஞ்சம் கரடுமுரடுதான், ஆனாலும் பழக்கத்துக்குப் போதும். விலை வெளியில் 500 டொலர் அளவில் இருந்து. அனுப்பும் செலவும் சுங்கவரியும் அதற்கு மேலே.

இறக்குமதி செய்கிறவர்கள் பணம் கட்ட முதல் சுங்கத்தின் வரி அட்டவணையில் தொலைநோக்கிக்குரிய வகையைப் பாருங்கள். விலைப்பட்டியல், பணம் கட்டிய சான்று, அடையாள அட்டைப் பிரதி, அனுப்பியவர் தந்த பொதி இலக்கம் எல்லாவற்றையும் அச்சில் வைத்திருங்கள். வைஃபை உள்ள கருவி என்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி கேட்கப்படலாம். பொதி வந்து நிற்கும்போது ஓடித்திரிவதைவிட, ஓடர் போட முதல் கேட்டு வையுங்கள். கொண்டுவருகிறவர் வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வரும் சொந்தக்காரராக இருந்தாலும் பற்றுச்சீட்டு அவர் கையில் இருக்க வேண்டும். மின்கலத்தைக் கைப்பொதியில் வைக்கச் சொல்லுங்கள்.

கருவி வாங்க வசதியில்லாவிட்டால், நிமிடக் கணக்கில் வாடகைக்கு விடும் வெளிநாட்டுத் தொலைநோக்கிகளை இணையத்தால் இயக்கலாம். அவற்றுக்கு ஏற்கெனவே குறி இருக்கும், மணிக்கூடும் சரியாக இருக்கும்.

6. எந்த மாதம், எந்த இடம்

ஒக்ரோபரில் இருந்து டிசெம்பர் வரை மழை. அந்த மாதங்களை இரண்டாம் படியில் சொன்ன அளவீட்டுப் பயிற்சிக்கு வையுங்கள். ஜனவரியில் இருந்து ஏப்ரல் வரைதான் அறுவடைக் காலம். ஆனால் பனி கொட்டும்; மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது சும்மா சொன்னதல்ல. இரவு பத்து மணிக்கே வில்லை வியர்த்துவிடும். வில்லைக்கு முன்னால் ஒரு நீளமான கூடு கட்டுங்கள், சூடாக்கும் பட்டி இருந்தால் சுற்றுங்கள். துணியால் துடைக்கவே கூடாது. மே தொடங்கிச் சோளகம் அடிக்கும். வானம் பல இரவுகள் திறந்திருக்கும், ஆனால் காற்றில் கருவி நடுங்கும், மணலும் உப்பும் உள்ளே போகும். சுவர் மறைவில் வைத்துக் குறுகிய நேரப் படங்களாக எடுங்கள்.

நகரத்து வெளிச்சத்தில் இருந்து விலக நினைப்பவர்களுக்கு மணற்காடு, தொண்டைமானாறு, சாட்டி, காரைநகர் என்று கரையோரங்கள் இருக்கின்றன. நெடுந்தீவு எல்லாவற்றிலும் இருட்டு, ஆனால் குறிகட்டுவானில் இருந்து படகு. இராத் தங்குவதற்கு ஒழுங்கு செய்யாமல் போகாதீர்கள்.

இரவில் கடற்கரையில் குழாய் மாதிரி ஒன்றை முக்காலியில் பூட்டிக்கொண்டு நின்றால் யாரும் வந்து கேட்கத்தான் செய்வார்கள். கேட்பதில் பிழையும் இல்லை. அடையாள அட்டை கட்டாயம் கையில். போக முதல் அந்த இடத்துக் கிராம அலுவலருக்குச் சொல்லி, முடிந்தால் ஒரு கடிதம் வாங்குங்கள். குழுவாகப் போனால் பொலிஸ் நிலையத்துக்கும் பள்ளிக்கூடக் கடிதத் தலைப்பில் முன்கூட்டியே அறிவியுங்கள். கடற்படை முகாம் தெரிகிற இடத்தில் படக்கருவியை விரிக்காதீர்கள். பச்சை லேசர் வேண்டவே வேண்டாம், பலாலியில் விமானம் இறங்குகிறது.

உண்மையைச் சொன்னால், அளவீட்டுக்கு வீட்டு முற்றமே போதும். இருட்டைவிட ஒவ்வொரு இரவும் அதே இடத்தில் நிற்பது பெரிது.

7. சிறுகோளைத் தெரிவு செய்தல்

நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வுகூடம் நடத்தும் ‘ஹொரைசன்ஸ்’ என்ற இலவசச் சேவை, எந்தச் சிறுகோள் எந்த நேரத்தில் எங்கே நிற்கும் என்று அட்டவணை தரும். அதில் அவதானிப்பு இடத்தை மாற்றாமல் விட்டால் பூமியின் மையத்தில் நின்று பார்ப்பதுபோலக் கணக்கிட்டுத் தரும். தூரத்துச் சிறுகோளுக்குப் பாதிப்பில்லை. அப்போபிஸ் மிகக் கிட்ட வரும்போது இந்த வித்தியாசம் 9 பாகைக்கு மேல் போகலாம், நீங்கள் வெறும் வானத்தைப் படம் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். மூன்றாம் படியில் எழுதிய உங்கள் ஆள்கூற்றைப் போடுங்கள். வானத்து ஆள்கூறு, நகரும் வேகம், திசையும் உயரமும், பிரகாசம், தூரம் ஆகிய நிரல்களைத் தெரிவு செய்யுங்கள். மற்றவை குழப்பும்.

முதல் இலக்காகப் புதிதாக வந்ததை, செய்தியில் அடிபட்டதைத் தேடாதீர்கள். இலக்கம் கிடைத்த, பாதை நன்றாகத் தெரிந்த ஒன்றை எடுங்கள். அப்போதுதான் உங்கள் அளவீடு எவ்வளவு பிழைக்கிறது என்று ஒப்பிடலாம். பூமிக்குக் கிட்ட வரும் கூட்டத்தில் 433 ஈரோஸ் நல்ல தொடக்கம். ஏறத்தாழ 17 கிலோமீற்றர் பருமன், சூரியனைச் சுற்ற 643 நாள். கூட்டத்திலேயே பெரியவற்றில் ஒன்று என்பதால் சிறிய கருவிக்கும் எட்டும் காலங்கள் உண்டு.

8. படமும் அளவீடும்

ஒரு படம் திறந்திருக்கும் நேரத்துக்குள் சிறுகோள் நகரும் தூரம், நட்சத்திரப் புள்ளியின் அகலத்தைத் தாண்டக் கூடாது. நிமிடத்துக்கு 10 வில்செக்கன் ஓடும் ஒன்றுக்கு 30 செக்கன்தான் எல்லை. சாதாரணச் சிறுகோள் என்றால், ஒரு தொகுதிப் படம் எடுத்து அரை மணித்தியாலம் விட்டு இன்னொன்று, பிறகு இன்னொன்று. ஒவ்வோர் அரை மணித்தியாலத்திலும் அது 15 வில்செக்கன் அளவு நகர்ந்திருக்கும்.

படக் கோப்பு ஃபிட்ஸ் (வானியல் படங்களுக்கான கோப்பு வகை) வடிவில் இருக்க வேண்டும். ஜேபெக்கில் அளக்க முடியாது. வட்ஸப்பில் அனுப்பிய படத்தை வைத்து அளக்க முயல்கிறவர்களும் இருக்கிறார்கள்!

அஸ்ட்ரோமெட்ரிக்காவில் நட்சத்திரப் பட்டியலாக ‘கையா’வைத் தெரிவு செய்யுங்கள். மென்பொருள் படத்தில் உள்ள நட்சத்திரங்களைப் பட்டியலோடு பொருத்தும். பொருந்தாவிட்டால் பெரும்பாலும் காரணம் இரண்டு: குவியத்தூரத்தைப் பிழையாகக் கொடுத்திருப்பீர்கள் அல்லது படம் தலைகீழாக இருக்கும். பொருந்திய பின் சிறுகோளைச் சொடுக்கினால் இடம், பிரகாசம், பிழை அளவு வரும். பக்கத்தில் ஒரு நட்சத்திரம் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தப் படத்தைக் கழித்துவிடுங்கள். ஓர் இரவில் ஒரு சிறுகோளுக்கு மூன்று, நாலு நல்ல அளவீடு போதும். இருபது அனுப்பினால் யாரும் மெச்சப் போவதில்லை.

9. சுற்றுப்பாதையைக் கணக்கிடுதல்

‘ஃபைண்ட் ஓர்ப்’ என்ற இலவச மென்பொருளில் அளவீடுகளைக் கொட்டினால் பாதை வரும். கணக்கின்படி மூன்று அளவீடு போதும், ஆனால் ஓர் இரவு அளவீட்டில் வரும் பாதையை நம்பாதீர்கள். நாட்கள் இடைவிட்டு எடுத்தவைதான் பாதையை இறுக்கும்.

அப்போபிஸை வைத்துச் சரிபாருங்கள். இப்போது அதன் சராசரித் தூரம், பூமி சூரியன் தூரத்தின் 0.92 மடங்கு. நீள்வட்டத் தன்மை 0.19. சாய்வு 3.3 பாகை. ஒரு சுற்று 324 நாள். 2029இல் பூமியின் ஈர்ப்பு அதைத் திருப்பிவிட்ட பிறகு சுற்று ஒரு வருடத்துக்கு மேல் நீளும். பழைய இலக்கங்களை அதன் பின் பாவித்தால் பிழை.

இடைவெளி ஏன் முக்கியம் என்பதற்கு இரண்டு நிகழ்வு. 2024 டிசெம்பர் 27இல் கண்டுபிடித்த 2024 வைஆர்4 என்ற சிறுகோள், 2032இல் பூமியில் மோதும் வாய்ப்பு 2025 பெப்ரவரி நடுப்பகுதியில் 3.1 வீதம் வரை ஏறியது. புதிய அளவீடுகள் வந்ததும் சில நாளிலேயே ஏறத்தாழப் பூச்சியத்துக்கு விழுந்தது. ஏறும்போது பரவிய செய்தி எல்லார் போனுக்கும் வந்தது, இறங்கியபோது வரவில்லை. அப்போபிஸுக்கும் 2004 டிசெம்பர் 27 அன்று அந்த வீதம் 2.7 வரை போனது. மார்ச் மாதத்துப் பழைய படங்களில் அதைத் தேடிப் பிடித்ததும் 2029 மோதல் இல்லையென்று ஆயிற்று. அந்த நாளில் எங்கள் கரையில் யாரும் வானத்தைப் பார்க்கவில்லை. சுனாமி வந்த மறுநாள் அது.

10. குறி வாங்குதல், அனுப்புதல்

பதிவேட்டை வைத்திருப்பது சர்வதேச வானியல் ஒன்றியத்தின் கீழ், அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் இயங்கும் மைனர் பிளானட் சென்ரர். குறிக்குக் கட்டணம் இல்லை. சிபாரிசுக் கடிதம், பட்டச் சான்றிதழ் எதுவும் கேட்பதில்லை. கேட்பது அளவீட்டை மட்டும்தான்.

முதல் தொகுதியை, குறி இல்லாதவர்களுக்கான ‘எக்ஸ் எக்ஸ் எக்ஸ்’ என்ற தற்காலிகக் குறியோடு அனுப்ப வேண்டும். இலக்கமிட்ட சில சிறுகோள்களை ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகளில் அளந்தது அதில் இருக்க வேண்டும். பிழை ஒரு வில்செக்கனைச் சுற்றி அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் உங்கள் பாடு லேசு. கூடவே ஆள்கூறு, உயரம், கருவி விவரம், பொறுப்பாளர் பெயர், கண்காணிப்பகத்துக்கு வைக்க விரும்பும் பெயர். அனுப்ப முதல் அங்குள்ள இன்றைய அறிவுறுத்தலை ஒருமுறை வாசியுங்கள், கோப்பு வடிவங்கள் மாறி வருகின்றன. பழைய 80 எழுத்து வரிசையில் ஓர் இடைவெளி கூடினாலும் திருப்பி அனுப்பிவிடும். திகதி தசமத்தில் எழுதப்படும். உதாரணமாக 13ஆம் திகதி 21.46 மணி என்பது 13.90694.

கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு. குறி கிடைத்ததும் அதன் அமைவிடம் உலகப் பட்டியலில் எல்லோருக்கும் தெரியும்படி வெளியாகும். அது உங்கள் வீடு. குடும்பத்தோடு கதைத்துவிட்டு விண்ணப்பியுங்கள், அல்லது பள்ளிக்கூடத்து மொட்டைமாடியைப் பதியுங்கள். மற்றது, குறி இடத்துக்குரியது, ஆளுக்குரியதல்ல. கருவியைச் சாட்டிக்குக் கொண்டுபோய் எடுத்த படத்தை வீட்டுக் குறியில் அனுப்பக் கூடாது. இடம் மாறித் திரிபவர்களுக்கென்று 247 என்ற குறி தனியாக இருக்கிறது. அதில் ஆள்கூற்றையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

11. 2029 ஏப்ரல் 13 இரவு

அப்போபிஸ் மிக நெருங்குவது பொதுநேரம் 13ஆம் திகதி 21.46. எங்களுக்கு 14ஆம் திகதி அதிகாலை 3.16. எல்லாரும் அந்த நேரத்துக்கு அலாரம் வைப்பார்கள். வைத்தால் ஏமாற்றந்தான். அப்போது அது அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு மேலே போய்விடும், எங்களுக்கு அடிவானத்துக்குக் கீழே. யாழ்ப்பாணத்துக்கு உரிய நேரம் 13ஆம் திகதி முன்னிரவும் நள்ளிரவை ஒட்டிய மணித்தியாலங்களும். தெற்கு வானத்தில் இருந்து ஏறி மேற்கே சாயும். தெற்கும் மேற்கும் திறந்த இடமாகப் பார்த்து வையுங்கள். அமாவாசையை ஒட்டிய இரவு என்பதால் நிலவு தொல்லை தராது. வருடப்பிறப்புக்கு முதல் இரவு என்பதால் வெடியும் கோயில் மின்விளக்கும் இருக்கும்; நகரத்துக்குள் நிற்காதீர்கள். கிராம அலுவலர் கடிதம், படகு, வாகனம் எல்லாவற்றையும் மார்ச் மாதத்திலேயே முடித்துவிடுங்கள். பண்டிகை வாரத்தில் ஒரு அலுவலகத்திலும் ஆள் பிடிக்க முடியாது.

இருட்டான இடத்தில் சாதாரண இருகண் நோக்கியே அதைக் காட்டும், பிந்தப் பிந்தப் பிரகாசம் கூடும். படம் எடுக்கிறவர்கள் ஒரு செக்கனுக்கும் குறைந்த படங்களாக எடுங்கள். லண்டனிலும் பாரிசிலும் இருக்கும் சொந்தக்காரருக்கு மிக நெருங்கும் நேரமும் வாய்க்கும்: லண்டனில் இரவு 10.46, பாரிசில் 11.46. நீங்களும் ஐரோப்பாவில் இருப்பவரும் ஒரே செக்கனில் ஆளுக்கொரு படம் எடுத்தால் இரண்டிலும் அது வேறு வேறு நட்சத்திரங்களுக்கு நடுவே நிற்கும். அந்த இடப்பெயர்ச்சியில் இருந்து தூரத்தை நீங்களே கணக்கிடலாம். இதற்கு அங்கே இருட்டியும் இங்கே இன்னும் அது மறையாமலும் இருக்கும் ஒரு நேரம் வேண்டும். இரண்டு ஊருக்கும் ஹொரைசன்ஸ் அட்டவணை எடுத்துப் பொதுவான மணித்தியாலத்தைப் பிடியுங்கள், அவர்களுடைய மணிக்கூட்டையும் நான்காம் படியில் சொன்னபடி திருத்தச் சொல்லுங்கள்.